ஏரிக்குள் போன அறுபத்தொரு வீடுகள்

ஷேர் ஆட்டோ களத்துமேட்டுக்குள் திரும்பியபோதே தெருவில் ஏதோ நடந்திருக்கிறது என்று இந்திராணிக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவில் யாரும் சும்மா வாசலில் நிற்க மாட்டார்கள். அன்றைக்கு எல்லாரும் நின்றார்கள். எல்லார் கையிலும் ஒரே மாதிரித் தாள். அவள் வீட்டில் ஆள் இல்லாததால் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை.

பையைக் கீழே வைக்காமலே படித்தாள். மேற்படி வீடு ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் இருப்பது செயற்கைக்கோள் அளவீட்டில் உறுதியாகியுள்ளது. இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் பதினைந்தாம் நாள் காஞ்சிபுரத்தில் நடக்கும் விசாரணையில் சொல்லலாம். அடியில் ஒரு முத்திரை, ஒரு கிறுக்கல் கையெழுத்து.

அவள் திரும்பி ஏரியைப் பார்த்தாள். ஏரி கரைக்கு அந்தப் பக்கம், எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. வீடும் கரைக்கு இந்தப் பக்கம், எப்போதும் போல.

"தண்ணிக்குள்ள நிக்கறோமாம் நாம" என்றாள் பக்கத்து வீட்டுக்காரியிடம். "கால் நனஞ்சிருக்குதா பாரு."

அந்தத் தெருவில் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

இந்திராணிக்கு நாற்பத்தாறு வயது. தென்னேரியில் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்து, பத்தாவது வரை படித்து, இருபது வயதில் களத்துமேட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கணவர் முனுசாமி ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டுகிறார். இவள் பத்தொன்பது வருஷமாகக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், குமரகுரு என்பவரின் டிசைன் கடையில் வேலை பார்க்கிறாள். புடவைக்கான பூவும் அன்னமும் அங்கே முதலில் கட்டம் போட்ட தாளில் வரும். அதைப் பார்த்துத்தான், எந்த நூலை எழுப்புவது என்று தறிக்குச் சொல்லும் துளை அட்டையைக் குத்துவார்கள். அட்டை குத்தும் முன்னால் தாளில் ஒவ்வொரு கட்டமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இந்திராணியின் வேலை. ஒரு புள்ளி தள்ளிப் போனால் ஆறு கஜத்துக்கும் அன்னத்தின் மூக்கு உடைந்தே நெய்யப்படும்.

ஒருமுறை பெரிய கடைக்காரர் ஒருவர், கல்யாணப் புடவைக்கு நாள் நெருங்குகிறது, உடனே அட்டை குத்து என்று வந்து கத்தினார். இந்திராணி தாளை விடவில்லை. "பத்தாவது வரிசையில தப்பு இருக்குது. அத சரி பண்ணாம என் மேசைய விட்டு இது போவாது" என்றாள். கடைக்காரர் போனில் யார் யாரையோ கூப்பிட்டார். அவள் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பு இருந்தது. அதற்கப்புறம் அவளை அவசரப்படுத்த குமரகுருகூட முயன்றதில்லை.

வீடுகளின் முழுப் பட்டியலையும் ஊராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஏரியைச் சுற்றி இருக்கிற நாலு குக்கிராமத்திலும் அளந்த வீடுகள் முந்நூற்றுப் பதினெட்டு. அதில் ஏரிக்குள் இருப்பதாகச் சிவப்பு மையில் குறித்தவை அறுபத்தொன்று. இந்திராணி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக இரண்டு எண்கள் இருந்தன. அவள் வீட்டுக்கு 12 50.42 என்று ஒன்று, 79 51.30 என்று இன்னொன்று.

இவை அட்சரேகையும் தீர்க்கரேகையும் என்பது தலைப்பில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பூமிக்குக் குறுக்கே ஓடுகிற கோடுகள், நெடுக்கே ஓடுகிற கோடுகள்; குறுக்குக் கோடு பூமத்தியரேகைக்கு எவ்வளவு வடக்கே என்று சொல்லும், நெடுக்குக் கோடு எவ்வளவு கிழக்கே என்று சொல்லும்; இரண்டும் வெட்டுகிற இடத்தில் நீ நிற்கிறாய். தேர்வு முடிந்ததும் மறந்துபோனது. இப்போது அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நெடுக்கே இத்தனையாவது பாவு நூல், குறுக்கே இத்தனையாவது ஊடை என்று சொல்லி ஒரு புள்ளியைப் பிடிக்கிற வேலையைத்தானே அவள் தினமும் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்தாள். அதன் அடியில் எண்கள் வந்தன. 12 டிகிரி, 50 நிமிடம், 42 விநாடி வடக்கு. 79 டிகிரி, 51 நிமிடம், 30 விநாடி கிழக்கு.

பட்டியலில் இருந்த அதே எண்கள்.

தப்பு இருக்கும் என்று நம்பித்தான் இறங்கினாள். பட்டியலும் போனும் ஒன்றையே சொன்னால் அப்புறம் எதை வைத்துச் சண்டை போடுவது?

"உட்டுடு இந்திரா" என்றார் முனுசாமி. தேநீர் டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "மேல இருந்து பாத்து சொல்றான். நம்ம கிட்ட இன்னா இருக்குது பதிலுக்கு?"

"மேல இருந்து பாத்தது தப்பில்லீங்க. கீழ எழுதினவன் எவன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள்.

தெரு தெற்கு வடக்காக அரைக் கிலோமீட்டர் நீளம். அவள் வடக்கே நடக்க நடக்க, கடைசி எண் ஏறியது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. ஒன்று ஏறுவதற்கு நாற்பத்தைந்து காலடி வைக்க வேண்டியிருந்தது. கிழக்கு எண் அசையாமல் நின்றது. பக்கத்துச் சந்தில் கிழக்கே திரும்பினால் அது ஏறியது, இது நின்றது. பால் கறந்து எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. தெருக்கோடியில் இருக்கிற மயில்வாகனத்தின் வீட்டு வாசலில் ஐம்பத்தொன்பது. அடுத்த வீடு அவருடைய அண்ணன் துரைக்கண்ணுவுடையது. அங்கே அறுபது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. 51 நிமிடம், 00 விநாடி என்று வந்தது.

கடிகாரம் போலத்தான். அறுபது விநாடி சேர்ந்தால் ஒரு நிமிடம்.

பட்டியலைத் திறந்து பார்த்தாள். மயில்வாகனம், 50.59. துரைக்கண்ணு, 51.00. மயில்வாகனத்தின் வீடு சிவப்பு மையில், ஏரிக்குள். துரைக்கண்ணுவின் வீட்டுக்குச் சிவப்பு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். ஒரு பக்கம் ஆணி அடித்தால் மறுபக்கம் காரை உதிரும்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், கடையில் மிச்சம் கிடந்த கட்டத்தாளை விரித்து, முந்நூற்றுப் பதினெட்டு வீடுகளையும் புள்ளியாக வைத்தாள். பட்டியலின் எண்களில் தசமப் புள்ளி இருந்ததால், ஒரு நிமிடத்துக்கு நூறு கட்டம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று நாள் மதியம் ஆயிற்று. சோற்றை ஒரு கையால் சாப்பிட்டு மறுகையால் புள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் குமரகுரு பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா டிசைன் இது? நடுவுல பட்டையா வெத்து விட்டிருக்க?"

அப்போதுதான் அவளும் தள்ளி நின்று முழுசாகப் பார்த்தாள். ஐம்பத்தொன்பதுக்கும் அடுத்த நிமிடத்துக்கும் நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. மேலேயும் கீழேயும் வீடுகள், நடுவில் நாற்பது கட்டத்துக்கு வெள்ளை. இடவலத்திலும் அப்படியே. முந்நூற்றுப் பதினெட்டு வீடுகளில் ஒன்றின் கடைசி எண்கூட அறுபதையோ அறுபத்தைந்தையோ தொண்ணூறையோ தொடவில்லை.

"நூறு பல்லு இருக்கற சீப்புல நாப்பது பல்லு எப்படிங்க ஒரே இடத்துல இல்லாம போவும்?" என்றாள் இந்திராணி. "இது நூறே இல்லீங்க. அறுவது. விநாடிய எழுதிட்டு நடுவுல புள்ளி வச்சிட்டாங்க. கம்ப்யூட்டரு அத நூத்துல ஒரு பங்குன்னு படிச்சிடுச்சு."

குமரகுரு கணக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பத்திரண்டு விநாடி என்பது ஒரு நிமிடத்தில் பத்துக்கு ஏழு பங்கு. அதை நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்று படித்தால் வீடு தெற்கே சரிந்துவிடும். எவ்வளவு? அரைக் கிலோமீட்டருக்கு மேல். கிழக்கு எண்ணும் அதே கதைதான்; முந்நூற்று அறுபது மீட்டர் மேற்கே. களத்துமேட்டுக்குத் தென்மேற்கில் என்ன இருக்கிறது? ஏரி இருக்கிறது. ஏரிக்கு அக்கரையில் இருக்கிற கிராமத்து வீடுகளும் இதே போலச் சரிந்துதான் இருந்தன. அவை வயலில் போய் விழுந்ததால் யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை தெருவில் எல்லாரையும் பிள்ளையார் கோயில் எதிரில் கூட்டி இதைச் சொன்னாள். பாதிப் பேருக்கு நம்பிக்கை வந்தது. துரைக்கண்ணுவுக்கு வரவில்லை. அவர் வார்டு உறுப்பினர், பேச்சுக்குக் குறைவில்லை.

"என் வூடு லிஸ்ட்டுல தப்பா வரலியே? ஒழுங்கா கட்டினவன் வூடு ஒழுங்கா இருக்குது. உங்க வூடு ஏரியில இருந்தா அதுக்கு நான் இன்னா பண்றது?"

"உங்க எண்ணு சைபர்ல முடியுதுண்ணா. சைபர அறுவதால வகுத்தாலும் சைபரு, நூறால வகுத்தாலும் சைபரு. அதான் உங்க வூடு தெக்கால சரியல; மேக்கால மட்டும் போயி வயல்ல நின்னுடுச்சு. நீங்க ஒழுங்கா கட்டினதால இல்ல."

கூட்டத்தில் மயில்வாகனம் சத்தமாகச் சிரித்தார். துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது விமல்ராஜ் வந்தான். ஏரி எல்லை அளக்கும் ஒப்பந்தம் எடுத்த கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவன், முப்பது வயதிருக்கும். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். ஒரு மனுவை நீட்டினான்.

"அக்கா, உங்க வீட்ட மட்டும் 'மறுபரிசீலனை'ன்னு மாத்திடறோம். இதுல ஒரு கையெழுத்து போடுங்க. நீங்க விசாரணைக்கு வரவே தேவையில்ல."

"என் வூட்ட மட்டும் ஏம்பா?"

"நீங்கதானக்கா கேள்வி கேட்டுக்கினு இருக்கீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. இந்திராணி மனுவை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"கேள்வி கேக்காத அறுவது வூட்டையும் இடிச்சிடுவீங்க. கேட்டவ வாயில ஒரு உருண்டை சோறு. எடுத்துக்கினு போப்பா."

அவன் போனதும் முனுசாமி வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "போட்டிருக்கலாம் இந்திரா. நம்ம வூடாவது தப்பிச்சிருக்கும். இருவது வருஷம் வேன் ஓட்டிக் கட்டினது."

"எனக்கும் அது தெரியாதா? ஆனா பக்கத்து வூட்ட இடிக்கச்சொல்லோ நாம ஜன்னல சாத்திக்கினு உக்காந்திருக்கணும். என்னால முடியாதுங்க. உங்களால முடியுமா, சொல்லுங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். ஆனால் விசாரணையன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவரே ஒரு வேனை இரவல் வாங்கி, தெருவையே ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போனார்.

விசாரணை நடந்த கூடத்தில் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கையடக்கக் கணினியோடு விமல்ராஜ். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். இந்திராணியின் முறை வந்தபோது அவள் கட்டத்தாளை மேசை மேல் விரித்தாள். அது மேசையின் இரு பக்கமும் தொங்கியது.

"உங்க வீட்டப் பத்தி மட்டும் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம்தான்."

"என் வூட்டப் பத்திப் பேச வரல மேடம். முந்நூத்திப் பதினெட்டு வூட்டப் பத்தி வந்திருக்கறேன். எல்லார் ரெண்டு நிமிஷத்தையும் எனக்குக் குடுத்துட்டாங்க."

பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதிகாரிக்கு முகம் கறுத்தது. "சாட்டிலைட் பொய் சொல்லாதும்மா."

"சொல்லாது மேடம். சாட்டிலைட்டு எங்க வூட்ட கரெக்டா பாத்துச்சு. அது சொன்னத எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க." அவள் விரலை இரண்டு புள்ளிகள் மேல் வைத்தாள். ஒன்று தாளின் நடுவில் வெள்ளைப் பட்டைக்குக் கீழே, மற்றது மேலே. "இது மயில்வாகனம் வூடு. இது அவங்க அண்ணன் வூடு. உங்க லிஸ்ட்டுப்படி ரெண்டுக்கும் நடுவுல முக்கா கிலோமீட்டர். ஊருல வந்து பாருங்க. ரெண்டுக்கும் ஒரே செவுரு."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

இந்திராணி திரும்பிப் பார்த்தாள். துரைக்கண்ணு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் எழுந்தார்.

"ஒரே செவுருதான் மேடம். எங்கப்பா கட்டினது" என்றார். அப்புறம், கொஞ்சம் தயங்கி, "தம்பி வூட்ட இடிச்சா என் செவுரும் கூடத்தான் போவும். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன்" என்றார். கூடத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அதிகாரி விமல்ராஜைப் பார்த்தார். அவன் கணினித் திரையைப் பார்த்தான்.

"மேடம், நாலு முப்பது பஸ்ஸுன்னா எத்தன மணிக்கு?" என்று கேட்டாள் இந்திராணி.

"நாலரைக்கு."

"நாலு, அப்புறம் புள்ளி, அப்புறம் முப்பது. அத நாலு மணியும் நூத்துல முப்பது பங்கும்னு படிச்சா நாலு பதினெட்டு ஆவுது. பன்னெண்டு நிமிஷம் முன்னாடி நவுந்துடுது. எங்க வூடும் அப்படித்தான் போச்சு. பஸ்ஸுக்குன்னா பன்னெண்டு நிமிஷம் காத்துக்கினு நிக்கலாம். வூட்ட உட்டா நாங்க எங்க போறது?"

அதிகாரி பட்டியலை எடுத்து, தானே பேனாவால் கடைசி எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். ஐம்பத்தொன்பதுக்கு மேல் ஒன்றைத் தேடினார். நாலாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்தார்.

"விமல்ராஜ், நீங்க அளந்த போன் செயலியில என்ன காட்டுச்சு, விநாடியா?"

"விநாடிதான் மேடம்" என்றான் அவன். "படிவத்துல விநாடிக்குத் தனிக் கட்டம் இல்ல. அதனால புள்ளி வச்சு எழுதச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

அவன் கணினியை மூடினான். அவன் பதில் இல்லாமலேயே அன்று மதியத்துக்குள் அறுபத்தொரு நோட்டீசும் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் அளக்க உத்தரவாயிற்று; இந்த முறை பழைய ஏரி வரைபடத்தையும், தரையில் முக்காலி போட்டு நிறுத்துகிற துல்லியமான கருவியையும் வைத்து. நாலு கிராமத்திலிருந்தும் ஒவ்வொரு ஆள் கூட நிற்கலாம் என்றார்கள். களத்துமேட்டுக்கு யார் நிற்பது என்று கேள்வியே எழவில்லை.

மறுஅளவை ஒன்பது நாள் நடந்தது. இந்திராணி கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கருவிக்காரர்களோடு வெயிலில் கரை நெடுக நடந்தாள். ஒவ்வொரு எண்ணையும் தன் நோட்டில் தனியாக எழுதினாள். டிகிரி ஒரு கட்டம், நிமிடம் ஒரு கட்டம், விநாடி ஒரு கட்டம், விநாடிக்குப் பின்னால் பின்னம் ஒரு கட்டம். போன் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும், இந்தக் கருவி விரற்கடை அளவுக்குச் சொல்லும் என்று அவர்கள் விளக்கினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

முடிவில் ஏரிக்குள் உண்மையாகவே இருந்தவை நாலே நாலு. அக்கரையில் ஒரு செங்கல் சூளைக் கொட்டகை, இரண்டு மாட்டுக்கொட்டில். நாலாவது, இந்திராணி வீட்டுக்குப் பின்னால் மூன்று வருஷத்துக்கு முன் கட்டிய குளியலறை. எல்லைக்கல்லைத் தாண்டி இரண்டரை மீட்டர் உள்ளே.

கருவிக்காரர் தயங்கினார். "ரெண்டரை மீட்டர்தாம்மா. இவ்ளோ தூரம் போராடினவங்க நீங்க. நாங்க வேணும்னா..."

"எழுதுங்க" என்றாள் இந்திராணி.

தெருவில் இது பரவ அரைமணி நேரம்கூட ஆகவில்லை. துரைக்கண்ணு வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். குளியலறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார். முனுசாமி குளியலறைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். டைல்ஸ் அவர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது, நீல நிறம்.

"நோட்டீசு வரட்டும் இந்திரா. வந்தா பாத்துக்கலாம். அதுக்கும் டைம் குடுப்பாங்க."

"நோட்டீசு வந்து, மெஷினு வந்து, அவங்க வந்து இடிச்சாங்கன்னா, களத்துமேட்டுல இடிச்சோம்னு எழுதிக்குவாங்க. அந்த வண்டி இந்தத் தெருவுக்குள்ள ஒரு வாட்டிகூட வரக் கூடாது."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மயில்வாகனம் வீட்டில் கடப்பாரை இருந்தது. கேட்டதும் அவரே தூக்கிக்கொண்டு வந்து, இடிப்பதற்கும் கூட நின்றார். முதல் அடியை இந்திராணி போட்டாள். நீல டைல்ஸ் ஒன்று இரண்டாகப் பிளந்து விழுந்தது. முனுசாமி உள்ளே போய், உடையாத டைல்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் அடுக்க ஆரம்பித்தார். மாலைக்குள் நாலாவது சுவரும் இறங்கிவிட்டது. எல்லைக்கல் வெளியே தெரிந்தது.

புதுக் குளியலறையைக் கல்லுக்கு இந்தப் பக்கம், சமையலறையை ஒட்டிக் கட்டினார்கள். கொஞ்சம் சின்னது. கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டியபோது, இந்திராணி அளவுநாடாவை வாங்கித் தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தாள்.